ஒரு கிலோ துணியில் எத்தனை டி-ஷர்ட்?

திருப்பூரில் துணியைக் கிலோ கணக்கில் வாங்குகிறார்கள். டி-ஷர்ட்டை எண்ணிக்கையில் விற்கிறார்கள். வாங்கும் அளவு ஒன்று, விற்கும் அளவு வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு கேள்வி நிற்கிறது: ஒரு கிலோ துணியில் எத்தனை டி-ஷர்ட் வரும்? இதற்குக் குத்துமதிப்பாகப் பதில் சொல்லி ஆர்டர் எடுத்தால் லாபம் எங்கே போனது என்றே தெரியாது. சரியான பதில் சொல்லத் தேவைப்படும் கணிதம் ஆறாம் வகுப்புப் பாடத்தில் இருக்கிறது. விகிதம் என்ற அதே பாடம்தான்.

விகிதம் என்றால் ஓர் அளவை இன்னோர் அளவால் வகுப்பது. வகுத்து வந்த விடையை 'ஒன்றுக்கு எவ்வளவு' என்று வாசிக்கலாம். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், ஏக்கருக்கு எத்தனை தென்னை, நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு வட்டி, ஒரு பாத்திக்கு எவ்வளவு நேரம் தண்ணீர். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் என்று கொங்கு நாட்டில் எந்தத் தொழிலை எடுத்தாலும் தினமும் நடக்கும் கணக்கில் பெரும்பங்கு இந்த ஒரே வகுத்தல்தான். அதில் வரும் தவறுகளும் பெரும்பாலும் ஒரே இடத்தில் பிறக்கின்றன: 'ஒன்றுக்கு' என்று சொல்லும்போது எந்த ஒன்று என்று கேட்க மறந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைச் சில தொழில்களில் கேட்டுப் பார்க்கிறது.

வட்டமாக வெட்டிய துண்டு

பனியன் துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது அதன் பொருள். 180 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம். இதை அளக்க ஒரு சதுர மீட்டர் துணியை வெட்டி வீணாக்க வேண்டியதில்லை. கம்பெனிகளில் ரவுண்ட் கட்டர் என்று கைக்கு அடக்கமான ஒரு கருவி வைத்திருப்பார்கள். துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் வட்டமாக ஒரு துண்டு வெட்டுப்பட்டு வரும். அந்தத் துண்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர் இருக்கிறது. ஆகவே துண்டை எலக்ட்ரானிக் தராசில் வைத்து, வரும் கிராமை 100ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும். தராசு 1.80 காட்டினால் 180. பெருக்கக்கூட வேண்டாம், புள்ளியை இரண்டு இடம் தள்ளினால் போதும்.

அந்த வட்டத்தின் அளவைக் கவனியுங்கள். வட்டத்தின் பரப்பு பை (π) பெருக்கல் ஆரத்தின் வர்க்கம். பரப்பு 100 வரவேண்டும் என்றால் ஆரம் 5.64 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பார்க்க விசித்திரமான எண். ஆனால் அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததால்தான் பயன்படுத்துகிறவருக்குக் கணக்கே இல்லாமல் போகிறது. கணிதத்தைக் கருவிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பள்ளியில் 'பை எதற்கு' என்று கேட்கும் பிள்ளைக்கு நான் காட்ட விரும்பும் முதல் பொருள் இந்தக் கட்டர்தான்.

சரி, இப்போது முதல் கேள்விக்கு வருவோம். 180 ஜிஎஸ்எம் துணி ஒரு கிலோ இருக்கிறது. 1,000 கிராமை 180ஆல் வகுத்தால் 5.56 சதுர மீட்டர். கட்டிங் வேஸ்ட்டையும் சேர்த்து ஒரு டி-ஷர்ட்டுக்கு ஒரு சதுர மீட்டர் போகிறது என்று எடுத்துக்கொள்வோம். சைஸைப் பொறுத்து இது மாறும், கணக்கு புரிவதற்காக இப்படி வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் 10,000 டி-ஷர்ட்டுக்கு 1,800 கிலோ துணி வேண்டும். வந்த துணி 180க்குப் பதிலாக 190 ஜிஎஸ்எம் என்று வையுங்கள். பத்து கிராம்தானே, கையால் தொட்டால்கூட வித்தியாசம் தெரியாது. ஆனால் அதே 1,800 கிலோவில் இப்போது 9,473 டி-ஷர்ட்தான் வரும். ஐந்நூற்றுச் சொச்சம் குறைகிறது. எடை சரியாக இருக்கிறது, பில் சரியாக இருக்கிறது, துணி மட்டும் போதவில்லை. கத்தி வைப்பதற்கு முன்னால் வட்டத் துண்டை நிறுத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

துவைத்தால் சுருங்கும் என்பதும் இதோடு சேர்ந்த கணக்கு. நீளத்தில் 5 சதவீதம், அகலத்தில் 5 சதவீதம் சுருங்கினால் மொத்தம் எவ்வளவு? பத்து என்று வாய் முந்திக்கொள்ளும். 100க்கு 100 சென்டிமீட்டர் துணி 95க்கு 95 ஆகிறது. பரப்பு 10,000லிருந்து 9,025க்கு இறங்குகிறது. குறைந்தது 9.75 சதவீதம். பத்துக்குக் கிட்டத்தில் இருப்பதால் இதை விட்டுவிடலாம். ஆனால் ஜிஎஸ்எம் என்ன ஆனது? எடை அப்படியே இருக்கிறது, இடம் சுருங்கிவிட்டது. 180ஐ 0.9025ஆல் வகுத்தால் 199.4. அதாவது ஏறக்குறைய 10.8 சதவீதம் ஏற்றம். பரப்பு இறங்கிய சதவீதமும் கனம் ஏறிய சதவீதமும் ஒன்றாக இல்லை. இறங்கும்போது நூறு என்று நாம் வைத்துக்கொண்டது பழைய அளவு. திரும்பி ஏறும்போது அடித்தளம் மாறிவிடுகிறது.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் இதே சங்கதி பணமாகத் தெரியும். குவிண்டால் 10,000 ரூபாய்க்குப் போன மஞ்சள் 20 சதவீதம் இறங்கினால் 8,000. அப்புறம் 20 சதவீதம் ஏறினால் பழைய விலை வந்துவிட்டது என்று நினைப்போம். 8,000இல் 20 சதவீதம் 1,600. விலை 9,600. பழைய இடத்துக்குப் போக 25 சதவீதம் ஏறியாக வேண்டும். சதவீதம் என்றதும் 'எதில்?' என்று கேட்டுவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

மேலே எது, கீழே எது

துணியிலிருந்து ஒரு படி பின்னால் போனால் நூல். கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் 1888இல் தொடங்கியது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு மில்கள் பெருகின. அந்த மில்கள் எல்லாவற்றிலும் பேசப்பட்ட, இன்றும் பேசப்படுகிற எண் 'கவுண்ட்'. முப்பதாம் நம்பர் நூல், நாற்பதாம் நம்பர் நூல் என்கிறோமே, அதுதான்.

புதிதாக வருபவரைக் குழப்பும் விஷயம், நம்பர் கூடக்கூட நூல் மெலிகிறது. இருபதாம் நம்பர் தடிமன், அறுபதாம் நம்பர் சன்னம். காரணம் அதன் வகுத்தலில் இருக்கிறது. 840 கெஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் அப்படி எத்தனை சிட்டம் கிடைக்கிறது என்பதே கவுண்ட். ஜிஎஸ்எம்மில் எடை மேலே, பரப்பு கீழே. கவுண்ட்டில் நீளம் மேலே, எடை கீழே. மெல்லிய நூல் என்றால் ஒரு பவுண்டுக்குள் அதிக நீளம் அடங்கும், எண் ஏறும். ஒரே மில்லில் இருந்து வரும் இரண்டு எண்கள் எதிரெதிர்த் திசையில் நகர்வது இதனால்.

இதை நாம் பழகிய அளவுக்கு மாற்றிப் பார்ப்போம். முப்பதாம் நம்பர் என்றால் ஒரு பவுண்டுக்கு 30 பெருக்கல் 840, ஆக 25,200 கெஜம். ஒரு கிலோ என்பது 2.2046 பவுண்டு, ஒரு கெஜம் 0.9144 மீட்டர். எல்லாவற்றையும் பெருக்கினால் ஒரு கிலோ நூலின் நீளம் ஏறக்குறைய 50.8 கிலோமீட்டர். கோயம்புத்தூரிலிருந்து திருப்பூர் வரை ஒரே இழையாக நீட்டலாம். நாற்பதாம் நம்பராக இருந்தால் 67.7 கிலோமீட்டர். குறுக்குவழி வேண்டுமென்றால் கவுண்ட்டை 1.69ஆல் பெருக்குங்கள், ஒரு கிலோவுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். சென்னிமலையில் போர்வை நெய்பவர்களும் பவானியில் ஜமுக்காளம் நெய்பவர்களும் நூல் வாங்கும்போது பார்ப்பதும் இந்த எண்ணைத்தான்.

பல்லடம் பக்கம் போனால் மேலே கீழே மாறும் இன்னொரு விகிதம் கிடைக்கும். கறிக்கோழிப் பண்ணையில் எஃப்சிஆர் என்பார்கள்: ஒரு கிலோ உயிர் எடை கூடுவதற்குக் கோழி எத்தனை கிலோ தீவனம் தின்றது என்பது. இங்கே எண் சின்னதாக இருந்தால்தான் நல்லது. 5,000 கோழி உள்ள ஷெட்டில் ஒவ்வொன்றும் இரண்டு கிலோ எடைக்கு வந்தால் மொத்தம் 10,000 கிலோ. எஃப்சிஆர் 1.6ஆக இருந்தால் தீவனம் 16,000 கிலோ, 1.7ஆக இருந்தால் 17,000 கிலோ. புள்ளிக்குப் பின்னால் ஒரே ஓர் எண் நகர்ந்ததற்கு ஆயிரம் கிலோ தீவனம், 50 கிலோ மூட்டையாக இருபது. பண்ணைக்காரர்கள் அந்தப் புள்ளிக்காகக் கவலைப்படுவதில் ஆச்சரியமே இல்லை.

தெளிப்பு மருந்துக் கணக்கு இவற்றைவிட எளிது. கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யாவை 3 சதவீதக் கரைசலாகத் தெளிக்கச் சொல்கிறார்கள். நூறு லிட்டருக்கு மூன்று லிட்டர், பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. அவ்வளவுதான்.

லாரியின் சராசரி

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்றால் லாரி. ஒரு லாரி லோடோடு 240 கிலோமீட்டர் போகிறது, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கிடைக்கிறது. காலியாகத் திரும்பும்போது அதே 240 கிலோமீட்டருக்கு லிட்டருக்கு 6. மொத்தப் பயணத்துக்குச் சராசரி என்ன? நாலையும் ஆறையும் கூட்டி இரண்டால் வகுத்து ஐந்து என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும்.

டீசலை எண்ணிப் பாருங்கள். போகும்போது 60 லிட்டர், வரும்போது 40 லிட்டர், ஆக 100 லிட்டர். ஓடியது 480 கிலோமீட்டர். லிட்டருக்கு 4.8. ஐந்து என்று நினைத்தவர் 96 லிட்டர் போதும் என்று டேங்கை நிரப்பியிருப்பார்; ஊருக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போதே டீசல் தீர்ந்திருக்கும்.

ஏன் இப்படி? 'லிட்டருக்கு' என்று சொல்லும்போது கீழே இருப்பது லிட்டர். போகவும் வரவும் ஒரே லிட்டர் செலவாகியிருந்தால் ஐந்து சரியாக இருந்திருக்கும். இங்கே சமமாக இருப்பது தூரம், லிட்டர் அல்ல. மைலேஜ் குறைவாக இருந்த பாதி அதிக டீசலைக் குடித்தது, அதனால் சராசரியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. போகும்போது மணிக்கு 40, வரும்போது 60 என்று வேகத்துக்குச் சராசரி போட்டாலும் இதே கதைதான், விடை 48. பாதுகாப்பான வழி ஒன்று உண்டு: விகிதங்களை நேராகக் கூட்டாமல், மேலே உள்ளதை எல்லாம் தனியாகக் கூட்டி, கீழே உள்ளதை எல்லாம் தனியாகக் கூட்டி, கடைசியில் ஒருமுறை வகுப்பது.

லாரி என்றதும் ஃபைனான்ஸ் பேசாமல் இருக்க முடியாது. ஒரு லட்சம் கடன், ஆண்டுக்கு 10 சதவீதம் பிளாட் வட்டி, இரண்டு வருஷம் என்று ஒருவர் சொல்கிறார். வட்டி 20,000. மொத்தம் 1,20,000ஐ 24ஆல் வகுத்து மாதம் 5,000 ரூபாய் தவணை. பத்து சதவீதம் என்று கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது.

இங்கேயும் 'எதில் பத்து?' என்று கேட்க வேண்டும். முழு லட்சமும் உங்கள் கையில் இருந்தது முதல் மாதம் மட்டும். ஒவ்வொரு தவணையிலும் அசலில் ஒரு பங்கு திரும்பிப் போகிறது. கடைசி மாதங்களில் உங்களிடம் இருப்பது சில ஆயிரம்தான். ஆனால் வட்டி மட்டும் இரண்டு வருஷமும் முழு லட்சத்துக்குப் போடப்பட்டிருக்கிறது. நடைமுறையில் இரண்டு வருஷத்துக்கும் சராசரியாக உங்கள் கையில் இருந்தது பாதித் தொகைக்குச் சற்று மேல். மீதியிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதே தவணையைக் கொண்டுவந்தால் வட்டி விகிதம் என்னவாக இருக்கும்? மாதம் 1.5 சதவீதம் என்று வைத்தால் தவணை 4,992 ரூபாய் வருகிறது. நாம் கட்டுவது 5,000. ஆகவே உண்மை வட்டி மாதம் ஒன்றரைக்கு ஒரு நூல் மேலே, ஆண்டுக்குப் பதினெட்டைச் சற்றுத் தாண்டுகிறது.

ஊர்ப்பக்கத்தில் 'நூத்துக்கு ஒன்றரை வட்டி' என்று சொன்னால் எல்லோருக்கும் உடனே புரியும்: நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய். ஆண்டுக்கு 10 சதவீதம் பிளாட் என்று அச்சடித்துக் கொடுத்ததும் அதே ஒன்றரை வட்டிதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த மாற்றத்தைச் செய்து பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு வீட்டிலும் வர வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன். பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் செல்போன் கால்குலேட்டரிலேயே மாதம் மாதமாகக் கழித்துக் காட்டிவிடும்.

ரெண்டு இஞ்சு தண்ணி

இதுவரை பார்த்த விகிதங்களில் ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டித்தது, அல்லது பாதியானது. ஆழ்துளைக் கிணறு இரண்டாம் வகைக்கு நல்ல உதாரணம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு மீட்டர் தூக்க 9.8 ஜூல் ஆற்றல் வேண்டும். ஐந்து எச்பி மோட்டார் வினாடிக்கு 3,730 ஜூல் வேலை செய்யக்கூடியது. பம்ப்பிலும் பைப்பிலும் போகும் இழப்பைக் கழித்துப் பாதிதான் தண்ணீருக்குப் போய்ச் சேர்கிறது என்று வைப்போம். தண்ணீர் மட்டம் நூறடியில், அதாவது 30 மீட்டரில் இருந்தால் நிமிஷத்துக்கு 380 லிட்டர் வரும். ஆயிரம் அடிக்குப் போய்விட்டால், அந்த ஆழத்துக்கு ஏற்ற பம்ப்பே மாட்டினாலும், 38 லிட்டர். ஆழம் பத்து மடங்கு, தண்ணீர் பத்தில் ஒன்று. மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அன்னூர், அவிநாசி, பெருந்துறைப் பக்கம் போர் போட்டவர்களுக்கு இதன் வலி தெரியும்.

இப்போது கடினமான பகுதிக்கு வருவோம். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து துளை போட்டு முடித்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி, 'ஏனுங்க, எத்தனை இஞ்சு தண்ணி?' ஒரு இஞ்சு, ஒன்றரை இஞ்சு, ரெண்டு இஞ்சு என்று பதில் வரும். இதை முறையாக அளப்பது 'வி' வடிவத்தில் வெட்டிய ஒரு தகட்டில். தண்ணீரைத் தொட்டியில் விட்டு அந்த வெட்டு வழியாக வழியவிடுவார்கள். வெட்டின் அடியிலிருந்து தண்ணீர் எத்தனை இஞ்சு உயரம் நிற்கிறது என்று பார்ப்பார்கள்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு இஞ்சு, நம் தோட்டத்தில் ரெண்டு இஞ்சு என்றால் நமக்கு இரண்டு மடங்கு தண்ணீரா? இல்லை, ஐந்தரை மடங்குக்கும் மேல். தொண்ணூறு டிகிரி 'வி' வெட்டில் ஒரு இஞ்சு என்பது நிமிஷத்துக்கு ஏறக்குறைய எட்டரை லிட்டர். ரெண்டு இஞ்சு என்பது 48 லிட்டர். மூன்று இஞ்சு 130 லிட்டரைத் தாண்டும்.

காரணத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம். 'வி' வடிவத்தில் மேலே போகப் போக அகலமும் கூடும். உயரம் இரட்டித்தால் அகலமும் இரட்டிக்கும். ஆகவே தண்ணீர் பாயும் வாயின் பரப்பு நான்கு மடங்கு. அதோடு, உயரமாக நிற்கும் தண்ணீர் வேகமாக வெளியேறும். அந்த வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். இரண்டின் வர்க்கமூலம் 1.41. நான்கை 1.41ஆல் பெருக்கினால் 5.6. அரை இஞ்சு கூடுதல் என்று சொல்லும்போது எந்த இஞ்சிலிருந்து அரை கூடியது என்பது முக்கியமாகிவிடுகிறது. ஒன்றிலிருந்து ஒன்றரைக்குப் போனால் கூடுவது 15 லிட்டர் அளவு. ரெண்டிலிருந்து ரெண்டரைக்குப் போனால் 36 லிட்டர்.

பொள்ளாச்சித் தென்னந்தோப்பிலும் இந்த வர்க்கக் கணக்கு உண்டு. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. மரத்துக்கு மரம் 25 அடி விட்டு நட்டால் ஒரு மரத்துக்கு 625 சதுர அடி, ஏக்கருக்கு 70 மரம். முப்பதடியாக விட்டால் ஒரு மரத்துக்கு 900 சதுர அடி, ஏக்கருக்கு 48 மரம். இடைவெளி ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. மரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று போய்விட்டது.

மாட்டுச் சந்தையில் எடைமேடை இல்லாதபோது டேப்பால் அளந்து எடை போடுவதும் இதைச் சேர்ந்ததுதான். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றிய அளவையும், தோள் முனையிலிருந்து பின்பக்க எலும்பு வரை உடல் நீளத்தையும் இஞ்சில் எடுக்க வேண்டும். நெஞ்சுச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும். காங்கயம் மாடு ஒன்றுக்குச் சுற்றளவு 66, நீளம் 60 என்றால் 396 கிலோ. சுற்றளவு இரண்டு முறை வருவதால் டேப்பைத் தளர்த்திப் பிடித்தால் பிழையும் இரண்டு முறை வரும். நீளத்தில் கொஞ்சம் தவறினால் பரவாயில்லை, சுற்றளவில் தவறக் கூடாது.

அடியும் டிஎம்சியும்

ஈரோட்டுப் பதிப்புச் செய்தித்தாளில் பவானிசாகர் அணையின் நிலவரம் வரும். நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி, திறப்பு வினாடிக்கு இத்தனை கன அடி. மூன்று எண்களும் மூன்று வகை அளவு. டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி. ஒரு நாளில் 86,400 வினாடி. ஆகவே வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி.

அந்த அணையிலிருந்து போகும் கீழ்பவானி வாய்க்காலில் வினாடிக்கு 2,300 கன அடி திறந்தார்கள் என்று படித்தால், 11,574ஐ 2,300ஆல் வகுங்கள்: ஐந்து. ஐந்து நாளுக்கு ஒரு டிஎம்சி என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 120 நாள் விட்டால் 24 டிஎம்சிக்குக் கொஞ்சம் குறைவு. இந்தத் தண்ணீர் ஒரு போகத்துக்கு 1,03,500 ஏக்கருக்குப் போகிறது. வகுத்துப் பார்த்தால், வழியில் கசிவும் ஆவியும் இல்லை என்று வைத்தால், ஏக்கர் முழுக்க ஐந்தேகால் அடி உயரத்துக்கு நிற்கக்கூடிய தண்ணீர். வாய்க்கால் தொடங்கும் தலைமடையில் இருக்கிறவருக்கும் அது முடியும் கடைமடையில் இருக்கிறவருக்கும் அதே ஐந்தேகால் அடி போய்ச் சேர்வதில்லை. ஆனாலும் இந்தச் சராசரி கையில் இருந்தால்தான், தனக்கு வந்தது எவ்வளவு குறைவு என்று கடைமடைக்காரர் எண்ணாகப் பேச முடியும்.

2024இல் ஓட்டத்துக்கு வந்த அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்தையும் இப்படி விரித்துப் பார்க்கலாம். 1.5 டிஎம்சி தண்ணீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. ஒரு டிஎம்சி 2.83 கோடி கன மீட்டர். ஆகவே ஒரு குளத்துக்குச் சராசரியாக 40,600 கன மீட்டர். பத்து ஏக்கர் குளமாக இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிற்கும். பெரிய குளத்துக்கு அது போதாது, குட்டைக்கு அது தாங்காது என்பது உண்மைதான். ஆனால் '1.5 டிஎம்சி' என்று கேட்டபோது மனதில் ஒன்றும் தோன்றவில்லை. பத்து ஏக்கரில் ஒரு மீட்டர் என்றதும் கண்ணுக்கே தெரிகிறது.

நீர்மட்டத்துக்கு வருவோம். பவானிசாகரின் முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி. நீர்மட்டம் 52 அடி என்றால் அணை பாதி நிறைந்திருக்கிறதா? அணை ஒரு செவ்வகத் தொட்டியாக இருந்தால் ஆம். பள்ளத்தாக்கு அப்படி இருக்காது. கீழே குறுகி, மேலே போகப் போக நீளவாக்கிலும் அகலவாக்கிலும் விரியும். கவிழ்த்துப் பிடித்த கூம்பு என்று எளிமையாக்கிக்கொண்டால், உயரம் பாதியாகும்போது நீளம் பாதி, அகலம் பாதி. இரண்டில் ஒன்றை மூன்று முறை பெருக்கினால் எட்டில் ஒன்று. பாதி உயரத்தில் இருப்பது நான்கு டிஎம்சி அளவுதான். உண்மை அணை கச்சிதமான கூம்பு அல்ல, அதனால்தான் நீர்வளத் துறை ஒவ்வொரு அடிக்கும் கொள்ளளவை அளந்து அட்டவணை வைத்திருக்கும். ஆனால் பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது என்பதில் மாற்றமில்லை.

அதே கூம்புக் கணக்கில் மேல்பக்கத்தைப் பாருங்கள். நீர்மட்டம் 95 அடியைத் தொட்டுவிட்டது, இன்னும் பத்து அடிதான் பாக்கி. 95ஐ 105ஆல் வகுத்து மூன்று முறை பெருக்கினால் 0.74. அதாவது கடைசிப் பத்து அடிக்குள் மட்டும் அணையின் கால்வாசித் தண்ணீர் அடங்குகிறது. எட்டரை டிஎம்சி, ஐந்து நாளுக்கு ஒரு டிஎம்சி வீதம் வாய்க்கால் நாற்பது நாளுக்கு மேல் ஓடும்.